காற்றில்லாக் கடலும் மழையில்லா வெள்ளமும்

கடலுக்கும் நம் தருமபுரி மாவட்டத்திற்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளர். மலைகள் சூழ்ந்த இம்மண்ணுக்குக் கடற்கரை ஒரு முழமும் இல்லை. ஆயினும் கல்விச் சுற்றுலா என்றதும் நம் மாணவர் முதலில் நாடுவது கடலையே. ஜியாரத்துக்காக நம் குடும்பங்கள் செல்லும் கோவளமும் கடலோர ஊரே. ஆகவே கடலின் பருவங்களை அறியும் தேவை, அலையோசையில் வளர்ந்தவரினும் நமக்கே மிகுதி எனலாம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ள அக்கோவளத்தை, தமீமுல் அன்சாரி தர்காவால் நம்மவர் நெடுங்காலமாக அறிவர். இன்றைய இளைஞர் அதனை அலைச்சறுக்கால் அறிகின்றனர். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012ஆம் ஆண்டில் அங்கு அலைச்சறுக்குப் பள்ளி கண்டார். 2013 முதல் விழாவும் எடுக்கப்பட்டது. அவ்விழாவிற்கு ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தது ஏன்? இவ்வினாவிற்கான விடையில்தான் கடலின் இயல்பு அடங்கியுள்ளது.

அலையைப் பிறப்பிக்கும் காற்று ஒன்று. அதனைக் கரையருகே திருத்துவதோ குலைப்பதோ செய்யும் காற்று வேறொன்று. மே முதல் செப்டம்பர் வரை தென்கோளத்தின் குளிர்காலம் நிலவும். அப்போது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்றுகள் பேரலைகளை எழுப்புகின்றன. அவை பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள்களில் நம் கரையை அடைகின்றன. வழிநெடுகச் சிற்றலைகள் அடங்கிவிட, நெடிய அலைகளே எஞ்சி வருகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் பன்னிரண்டு நொடிக்கு மேலும் இடைவெளி இருக்கும். அதே பருவத்தில் கோவளத்தில் விடியற்காலையில் மேல்காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசுகிறது. எதிர்வரும் அலையின் முகத்தை அது தாங்கி நிறுத்தி வழவழப்பாக்குகிறது. நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் அவ்வொழுங்கு சிதையும். அதனாலேயே சறுக்குவோர் வைகறையில் கடலில் இறங்குகின்றனர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை கரையை நோக்கி மோதும். அலைகள் அண்மையில் பிறந்தவை, குறுகியவை, முறையற்றவை. புயற்காலமும் அதுவே.

இக்காற்றுகளை நம் முன்னோர் பெயரிட்டு அறிந்திருந்தனர். கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைக்கொரு பெயர் இலக்கியத்தில் உண்டு. கச்சான், சோழகம் என்பன கடலோடிகள் வாய்மொழி. பருவத்தைக் குறிக்கும் ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘மான்சூன்’ ஆயிற்று. கடலைக் கடந்து வாணிகம் செய்தவர்க்குப் பருவம் அறிதலே உயிர்க்காப்பாக இருந்தது.

ஓர் ஆகஸ்டில் மாணவரோடு கோவளம் சென்றிருந்தோம். காற்றசைவே இல்லை, கடல் குளம்போல் தோன்றிற்று. இறங்கத் துடித்த மாணவரைக் கண்டு, வலை பின்னிக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: “காத்து இல்லேன்னு நம்பாதீங்க ஐயா. கால்மணி நேரம் நின்னு கடலப் பாருங்க. அப்புறமா பசங்கள விடுங்க.” நின்றோம். சில நிமிடங்களில் அடுத்தடுத்து நான்கு பேரலைகள் எழுந்து, மாணவர் கழற்றி வைத்த செருப்புகளை வாரிச் சென்றன. பின்னர் மீண்டும் அமைதி. நெடிய அலைகள் கூட்டம் கூட்டமாக வருவன. இடையே தோன்றும் அமைதி, கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடைப்பட்ட ஓய்வே என்பதை அம்முதியவர் ஒரு சொல்லில் கற்பித்துவிட்டார்.

இவ்வாறு காற்றின் முன்னறிவிப்பின்றிப் பொங்கும் கடலைக் கேரள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்பர். 2024 ஏப்ரல் இறுதியில் தென்கடலில் எழுந்த அத்தகைய அலைகள் மே முதல் வாரத்தில் நம் தென்கரையை எட்டின. கடல்சார் தகவல் சேவை மையம் எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆயினும் மே 6ஆம் நாள் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஐவரை அலைகள் பறித்தன. பிற உயிர்களைக் காக்கவிருந்த கைகள் அவை.

தருமபுரியார்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஒகேனக்கல்லை நினைவுகூர்க. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கு ஒரு துளியும் பெய்யாத நாளில் காவிரி செந்நிறமாய்ப் பெருகுவதும், பரிசல்கள் கரையேற்றப்படுவதும் நாம் கண்டவையே. மழை குடகிலும் வயநாட்டிலும். வெள்ளம் நம் வாசலில். “வானம் வெளுத்திருக்கிறதே” என்று நம்மவர் எவரும் ஆற்றில் இறங்குவதில்லை. ஆற்றங்கரையில் நமக்குள்ள இவ்வறிவைக் கடற்கரைக்கும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

எனவே மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இது. புறப்படுமுன் கடல் எச்சரிக்கையைக் கேட்டறிக. கரையில் கால்மணி நேரம் நின்று நோக்குக. அவ்வூர் மீனவர் வேண்டாம் என்றால் மறுசொல் கூறற்க. அலைகளுக்கிடையே அலை உடையாது அமைதியாய்க் காணும் இடத்தை நம்பற்க. கரையேறிய நீர் கடலுக்குள் மீள விரையும் வழி பெரும்பாலும் அதுவே. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் இடாது, கரைக்கு இணையாக நீந்தி விலகுக. பெற்றோரும் பெரியோரும் சுற்றுலாவுக்குப் பணம் கொடுத்தனுப்பும்போதே இச்சொற்களையும் உடன் கொடுத்தனுப்புவார்களாக. சென்ற பிள்ளைகள் அனைவரும் திரும்பி வந்து பேருந்திலிருந்து இறங்குவதை எண்ணிப் பார்க்கும் அந்நேரத்தினும் இனிய நேரம் ஆசிரியர்க்கு வேறில்லை.