அறுபது நாளை எண்ணும் செயலி

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தண்டனைப் பிரிவுகளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். களத்தில் நிற்பவர்களுக்கு அதே அளவு முக்கியம் நாள் கணக்கு. 1995 விதிகளிலும் அவற்றின் 2016 திருத்தத்திலும் அது தெளிவாக இருக்கிறது: தீருதவி 7 நாளுக்குள், குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள். தாமதமானால் விசாரணை அதிகாரி எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பகுதிகளில் நாங்கள் பின்தொடரும் வழக்குகளின் தேதிகள் ஆளுக்கொரு டைரியில் கிடந்தன. எக்செல் கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றி, ஐந்து பேரிடம் ஐந்து விதமாக ஆனது. எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும்படி நாங்களே ஒரு வலைச் செயலி எழுதுவது என்று முடிவெடுத்தோம். எங்களில் பொறியாளர் யாரும் இல்லை. சமூகவியல் படித்தவர், சட்டக்கல்லூரி மாணவர், நூற்பாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே பி.சி.ஏ. படிக்கும் ஒரு தங்கை, அவ்வளவுதான்.

பைத்தான் மொழியில் இயங்கும் ஜாங்கோ என்ற கட்டமைப்பை எடுத்துக்கொண்டோம். உள்நுழைவு, படிவம், தரவுத்தளம் எல்லாம் அதில் தயாராக இருக்கின்றன. நமக்கு வேண்டியதை மட்டும் நாம் எழுதினால் போதும். அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-இல் தொடங்கி, 2005-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது அது. அச்சுக்குப் போகும் நேரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் எழுதிய கருவி, கெடுவை எண்ணும் எங்கள் வேலைக்கும் பொருந்தியது.

எழுதிய நிரல் கொஞ்சம்தான்; விவாதம்தான் அதிகம். ஜாங்கோவில் 'மாடல்' என்று ஒன்று எழுத வேண்டும். அதில் நாம் குறிப்பிடும் ஒவ்வொரு விவரமும் அட்டவணையில் ஒரு கட்டமாகிறது. என்னென்ன கட்டங்கள் வேண்டும்? பெயர், தெரு, தொலைபேசி எண் என்று வரிசையாக எழுதினோம். தங்கை கேட்டாள்: "இந்த விவரம் வெளிய போனா யாருக்கு ஆபத்துக்கா?" அந்த மூன்றையும் எடுத்துவிட்டோம். நாங்களே கொடுத்த ஒரு எண் மட்டும் செயலியில். பெயர் பூட்டிய அலமாரியில் உள்ள காகிதக் கோப்பில்.

தீருதவி வந்த தேதிக்கான கட்டம் காலியாக இருக்கலாம் என்று மாடலில் சொல்லிவைத்தோம். பதிவேட்டில் காலிக் கட்டம் வாய் திறக்காது. இங்கே அது முதல் தகவல் அறிக்கையின் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. 8-ஆம் நாள் சிவப்பாகிறது. நேர அமைப்பையும் ஆசியா/கொல்கத்தா என்று மாற்றினோம். ஜாங்கோ தரும் இயல்பான யுடிசி நேரத்தில் விட்டால், காலை 5.30 மணி வரை செயலிக்கு 'இன்று' என்பது நேற்றுதான்.

நம் லேப்டாப்பில் ஓடுவது சோதனைக்கான சர்வர் மட்டுமே. எல்லோரும் திறக்க வேண்டுமானால் வெளியே ஏற்ற வேண்டும். பைத்தான்எனிவேர் தளத்தின் இலவசக் கணக்கில் ஏற்றினோம். அதற்கு முன் மூன்று காரியங்கள்: 'டீபக்' அமைப்பை அணைப்பது, ரகசியச் சாவியை நிரலுக்கு வெளியே வைப்பது, எங்கள் முகவரியை மட்டும் அனுமதிப்பது. டீபக் அணைக்காவிட்டால், ஏதாவது பிழை வரும்போது நிரலின் உள்விவரங்கள் பார்ப்பவர் கண்ணுக்கெல்லாம் தெரியும். எங்களுக்கு இது ஒருவருடைய பாதுகாப்பு. உள்நுழையாமல் ஒரு பக்கமும் திறக்காது.

இப்போது கண்காணிப்புக் குழு கூடுமுன் ஒரு பட்டியல் எடுக்கிறோம். "வழக்கு தாமதமாகிறது" என்று மனு எழுதினால் "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். "இன்று 83-ஆவது நாள், விதி 7(2அ)-இன்படி எழுதிய விளக்கம் எங்கே?" என்று கேட்டால் அந்த ஒரு வரி போதாது. ஆனால் செயலி மனுக் கொடுக்காது. பேருந்து ஏறிப் போய், வரிசையில் நின்று, ஒப்புகை வாங்குவது நாம்தான்.

தம்பி, தங்கைகளே, இதற்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை. ஜாங்கோவின் அதிகாரப்பூர்வப் பயிற்சி இலவசம். சிறிய வாக்கெடுப்புச் செயலி ஒன்றை அது படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறது. அதை முடித்துவிட்டு உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு வாருங்கள். மாடல் எழுதுமுன் எந்தக் கட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவர்களிடமே கேளுங்கள்.