கோத்தகிரி காபியும் சீயமங்கலத்து மல்லாட்டையும்

கோத்தகிரியில் டீச்சராக இருக்கும் மகள், பொங்கல் லீவுக்கு வரும்போது கால் கிலோ காபித்தூள் வாங்கி வந்திருந்தாள். சீயமங்கலம் குகைக்கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு ஏக்கரில் மல்லாட்டை போடுபவர் அப்பா. பாக்கெட்டில் அவர் முதலில் பார்த்தது விலையைத்தான்.

"ஏம்மா, இந்தக் காசுக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டுல எத்தனை காபி குடிக்கலாம் தெரியுமா?"

"சிக்கரி கலக்காததுப்பா. குடிச்சிட்டுச் சொல்லுங்க."

ஒரு வாய் குடித்தார். "கசப்பையே காணோமே!"

மகள் சிரித்துக்கொண்டே பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்'. இருளர், குறும்பர் உள்ளிட்ட நீலகிரிப் பழங்குடி மக்களே பங்குதாரர்களாக இருந்து, 2013 முதல் நடத்திவரும் நிறுவனம். தேன், மிளகு, சிறுதானியத்தோடு காபியும் விற்கிறார்கள். 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர்' விருது கிடைத்தபோது, 147 கிராமங்களில் உறுப்பினர்கள் இருந்தார்கள்.

அப்பாவை விருது அசைக்கவில்லை. "காபி எப்பிடிம்மா பறிப்பாங்க?" என்றார்.

மாணவி ஒருத்தியின் வீட்டுத் தோட்டத்தில் பார்த்ததை மகள் சொன்னாள். ஒரே கிளையில் பச்சைக்காயும் இருக்கும், செம்பழமும் இருக்கும். செம்பழத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். இப்படி மூன்று, நான்கு முறை. தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, ஈரப்பதம் 11 சதவிகிதம் அளவுக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் தேறும். வறுத்தால் அதிலும் எடை குறையும். 'ஸ்பெஷாலிட்டி காபி' என்று பெயர் வாங்க, ருசி பார்ப்பவர்களிடம் 100-க்கு 80 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் அந்த மதிப்பெண் கனவுதான்.

இந்தியாவில் காபி பயிரிடுபவர்களில் 100-க்கு 98 பேருக்கு மேல் சிறு விவசாயிகள். பழுக்கட்டும் என்று காத்திருக்க எல்லோராலும் முடியாது. முன்பணம் வாங்கியவர், பச்சை சிவப்பு பார்க்காமல் ஒரேயடியாக உருவித்தான் போடுவார். சோம்பேறித்தனம் இல்லை, கடன்.

'ஈரம்' என்ற சொல்லிலேயே அப்பா நின்றுவிட்டார். அம்மாதான் பேசினார்.

"நீ காலேஜ் படிக்கச்சே, ஒரு ஐப்பசி மழையில மல்லாட்டை பிடுங்கினோமே, ஞாபகம் இருக்கா? நாலு நாள் காய வெச்சிருந்தா நல்ல விலை. உனக்கு எக்ஸாம் ஃபீஸ் கட்டணும்னு ஈரத்தோட தூக்கிப் போட்டாரு. வியாபாரி ஒரு பருப்பைக் கடிச்சுப் பாத்துட்டு, விலையைக் குறைச்சிட்டான்."

மகளுக்கு அது தெரியாது. ஃபீஸ் கட்டிய ரசீது மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்: "அங்க காய வைக்கிற வேலையை யாரு பாக்குறாங்க?"

"பறிச்சதுக்கு அப்புறம் இருக்கிற பல வேலைய அவங்க மையத்துலயே செய்யறாங்கப்பா. நிறைய பொம்பளைங்கதான் வேலை பாக்குறாங்க."

"அப்போ பறிச்சவனுக்குக் காசு?"

"அதைக் கேக்கலியேப்பா."

"கேட்டுட்டு வா" என்றார்.

இரண்டாவது டம்ளரில் அம்மா ரகசியமாக ஒரு ஸ்பூன் சிக்கரி காபித்தூள் கலந்துவிட்டார். அதைத்தான் அப்பா கடைசிச் சொட்டு வரை குடித்தார்.