பூனை மூடிய மண்

பூனை மண்ணை மூடுகிற விதத்தைப் பார்ப்பதில் எனக்குச் சலிப்பே வருவதில்லை. முன்னங்காலால் ஒரு பள்ளம் பறிக்கும். திரும்பி உட்கார்ந்து பார்வையை எங்கோ தூரத்தில் வைத்துக்கொள்ளும். எழுந்ததும் ஒரு தரம் முகர்ந்து பார்த்து, இந்தப் பக்கமிருந்து கொஞ்சம், அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் என்று மண்ணை இழுத்துப் போடும். சரியாக மூடியாயிற்றா என்று மறுபடியும் ஒரு முகர்தல். நாய் ஊரறியச் செய்துவிட்டுப் போகிற காரியத்தைப் பூனை யாருக்கும் தெரியாமல் முடிக்கிறது. இவ்வளவு மறைவாக வாழ்கிற பிராணிக்கு நீரில் கோளாறு வந்தால் நமக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாடு என்றால் தெரிந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஆச்சி விடிவதற்கு முன்பே அரிக்கேன் விளக்கோடு தொழுவத்துக்குள் போவாள். சாணத்தை அள்ளும்போதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்: இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா, வைக்கோல் செரிக்காமல் நார் நாராக வந்திருக்கிறதா என்று. தரையில் தேங்கியிருக்கும் கோமியத்தை விளக்கைத் தாழ்த்திப் பார்ப்பாள். "செவலைக்கு நேத்துத் தண்ணி பத்தல. எப்படி மஞ்சளாப் போயிருக்குன்னு பாரு" என்பாள் என்னிடம். அன்று கழுநீர்த் தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக விழும், தவிடு கொஞ்சம் தாராளமாகக் கரையும். ஒரு தடவை கன்று போட்ட பசு ஒன்றின் மூத்திரம் காப்பி நிறத்தில் போயிருந்தது. பால் கறக்காமல் அப்படியே செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். வந்த டாக்டர், "நல்ல வேளை, இன்னிக்கே சொல்லி அனுப்பினீங்க" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பசு பிழைத்தது. ஆச்சி எந்தப் புத்தகமும் படித்தவளில்லை. ஆனால் தினமும் அள்ளினாள், தினமும் பார்த்தாள்.

அதே வீட்டில் பூனையும் இருந்தது. நெல் இருந்த குதிருக்கு அதுதான் காவல். கறந்த பாலில் ஒரு கொட்டாங்குச்சி அளவு அதற்கு உண்டு. ஆனால் அது எங்கே ஒதுங்குகிறது என்று எவருக்கும் தெரியாது. கொல்லையில் சாம்பல் மேடு இருந்தது, வாழையடி இருந்தது. ஒரு வருஷம் பெரிய தலைக் கடுவன் ஒன்று அடுப்படி மூலையில் சுருண்டுகொண்டு, பாலை முகராமல், வாந்தி எடுத்து, ஓரிரு நாளில் செத்துப்போனது. "பல்லியத் தின்னுருக்கும்" என்றார்கள். பக்கத்து வீட்டில் எலிப் பாஷாணம் வைத்ததாகவும் ஒரு பேச்சு இருந்தது. எது உண்மை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் கடுவன் பூனைகளுக்கு வரும் நீரடைப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதன் முகம்தான் வருகிறது. அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன. நம் ஊர்களில் பல்லி மீதும் பக்கத்து வீட்டார் மீதும் விழுந்த பழிகளில் சில இந்த நோய்க்கு உரியவை என்றே நினைக்கிறேன்.

பெண் பூனையின் நீர்க்குழாய் குட்டையானது, அகலமானது. கடுவனுக்கோ நீண்டு போய் நுனியில் மிகவும் குறுகிவிடும். சிறுநீரில் படிகிற பொடி உப்பும் சளியும் சேர்ந்த ஓர் அடைசல் போதும், அல்லது சின்னக் கல் ஒன்று போதும், வழி அடைபட்டுவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தின் துடிப்பையே குலைக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

பூனைக்கு இந்தத் தொல்லை வருவதற்கு அதன் பூர்வீகமும் ஒரு காரணம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. தண்ணீருக்கு அலையாமல், தின்ற எலியின் உடம்பில் இருக்கிற ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளியது. எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அந்த ஈரத்தை வீணாக்காமல் சிறுநீரை வற்றவைத்து வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு வாய்த்தது. கடல் தண்ணீரைக் குடித்தும் பூனையால் தாக்குப்பிடிக்க முடியும் என்று 1959இல் அமெரிக்க உடலியல் ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரையைப் பற்றி அறிந்தபோது நான் வியந்துபோனேன். பாலைவனத்தில் வரமாக இருந்த அந்தத் திறமையோடு பூனை நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நாம் அதற்குப் பொட்டலத் தீனியைப் போடுகிறோம். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் ஈரம். தாகம் அதிகம் எடுக்காத பிராணி கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்து அந்தக் குறையை முழுவதும் ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது.

இங்கே, பூனை வீட்டுக்குள்ளேயே ஒதுங்க வழி செய்த எட் லோ என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1947 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்துக் காசோபோலிஸ் என்ற சிற்றூரில், பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் பூனை ஒதுங்கும் தட்டில் போட அவரிடம் மணல் கேட்டு வந்தார். பனியில் அவர் வீட்டு மணல் உறைந்துவிட்டது. சாம்பலைப் போட்டால் பூனை வீடெல்லாம் கரிக்கால் பதிக்கிறது. மணலுக்குப் பதிலாக லோ, தொழிற்சாலைகளில் எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்காக விற்றுக்கொண்டிருந்த களிமண் குருணையைக் கொடுத்தார். நம் பெண்கள் முகத்தில் பூசுகிற முல்தானி மிட்டியின் இனத்தைச் சேர்ந்த மண்தான் அது. வாசனை அடங்கியது, கால் கறை போயிற்று. அதைப் பையில் போட்டு 65 சென்ட்டுக்கு விற்கலாம் என்றபோது, மணல் சும்மா கிடைக்கிற ஊரில் யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்டாராம். அப்படியானால் இனாமாகவே கொடுங்கள் என்றார் லோ. வாங்கிப் போனவர்கள் காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள். 1984இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர், ஈரம் பட்டால் உருண்டையாகத் திரளும் பெண்டோனைட் மண்ணைப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார்.

இந்த மண்தான் பூனையைக் கொல்லையிலிருந்து நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தது. அங்கே அது ஓடியாட இடமில்லாமல் கொழுத்தது, பொழுது போகாமல் தின்றது, நோய்க்கு இடம் கொடுத்தது. ஆனால் ஆச்சிக்குச் செவலைப் பசுவிடம் கிடைத்த தடயம் பூனை விஷயத்தில் நமக்கு முதல்முறையாகக் கிடைத்ததும் இந்த மண்ணால்தான்.

ஆகவே பூனையின் மண் தட்டைச் சுத்தம் செய்வதை வேலைக்காரர் தலையில் கட்டாமல் நாமே செய்வது நல்லது என்பேன். வழக்கமாக எத்தனை உருண்டை இருக்கும், எவ்வளவு பெரிது என்று கண் தானாகப் பழகிவிடும். பெரிய உருண்டைகள் போய்ச் சுண்டைக்காய் அளவில் பல கிடந்தால் நீர்க்கடுப்பு. இளஞ்சிவப்பு தெரிந்தால் இரத்தம். பூனை தட்டுக்குப் போய்ப் போய் வருகிறது, குந்தி முக்குகிறது, கத்துகிறது, அடிப்பக்கத்தை ஓயாமல் நக்குகிறது, தட்டை விட்டுவிட்டுக் குளியலறைத் தரையிலோ கழுவுதொட்டியிலோ சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால் அது உடம்பின் முறையீடு. திமிர் என்று அதட்டுவது கொடுமை. முக்குவதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுகிறவர்கள் உண்டு. விலைமதிப்பற்ற நேரம் அதில் போய்விடுகிறது.

எல்லாம் கல்லாலும் கிருமியாலும் வருவதல்ல. இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்று அபூர்வம். காரணம் இன்னதென்று பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சிதான் அதிகம், அதைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் மனக்கலக்கம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் 32 பூனைகளைப் பல மாதங்கள் கவனித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 20 நோயுற்றவை, 12 ஆரோக்கியமானவை. பராமரிக்கும் ஆள் மாறினாலோ தீனி வைக்கும் நேரம் தவறினாலோ ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, தீனியை ஒதுக்கின, தட்டுக்கு வெளியே போயின. வீட்டில் வெள்ளையடிப்பு, விருந்தாளி, புதிதாக வந்த இன்னொரு பூனை என்று நமக்குச் சாதாரணமான எதுவும் அதற்குச் சாதாரணமல்ல. தினமும் அதே நேரத்துக்குச் சோறு, ஒளிந்துகொள்ள ஓர் இடம், பூனைக்கு ஒன்று வீதமும் அதற்கு மேல் ஒன்றும் தட்டு, தீனியில் தாராளமாக ஈரம். இவ்வளவும் மருந்துக்குச் சமம்.

வீட்டு வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அடைபட்ட பூனைக்கு நெருஞ்சி முள் கஷாயமும் பார்லித் தண்ணீரும் புகட்டினால் ஏற்கெனவே புடைத்து நிற்கிற பையில் இன்னும் நீர்தான் சேரும். வலிக்கிறதே என்று மனிதருக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தால் அந்த ஒன்றே உயிரைக் குடித்துவிடும். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. அடைப்பை எடுக்கப் பெரும்பாலும் மருத்துவர் மயக்கம் கொடுத்து வடிகுழாய் போட வேண்டும், வீட்டில் அதற்கு வழி கிடையாது. நேரத்தோடு போட்டுவிட்டால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன.

கடுவன் பூனை வளர்ப்பவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பூனைக்கு வடிகுழாய் போடக்கூடிய மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் கடுவன் தட்டில் குந்திக் குந்தி எழுந்து, மண் நனையாமலே இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.