வியர்வைக் கணக்கு

மே 4

லாக்டேட் செய்முறை வகுப்பு. ட்ரெட்மில்லில் கட்டம் கட்டமாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் விரல் நுனியில் ஒரு குத்து. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியைத்தான் ஸ்ட்ரிப்பில் வாங்க வேண்டும். வியர்வையிலும் லாக்டேட் உண்டு. விரலில் ஈரம் இருந்தால் அளவு எகிறிவிடும். எம்.எஸ்சி. சேர்ந்து நான் கற்ற முதல் உருப்படியான கைவேலை இதுதான்.

மறுநாள் வரும் கால்வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று மைதானத்தில் இன்னும் சொல்கிறார்கள். ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனால் ரத்த லாக்டேட் பழைய நிலைக்கு இறங்கிவிடும். வலியோ மறுநாள்தான் தலைகாட்டும். லாக்டேட்டை இதயமே எரிபொருளாக்கிக்கொள்கிறது. கோச்சுகளிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

மே 7

ஆய்வேட்டுக்காக மாலையில் மைதானம். நெடுந்தூர ஓட்டக்காரப் பெண்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை, நடுவில் குடித்த தண்ணீர், கணக்கு அவ்வளவுதான். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தால் நெடுந்தூர ஓட்டம் தளரும் என்பது பாடம். ஐம்பது கிலோ பெண்ணுக்கு அது ஒரே கிலோ.

சென்னை மே மாதத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டிவிட்டால் ஒன்றும் போகாது, தண்ணீர்தான் நஷ்டம். ஏ.சி. ஆய்வகத்தில் இது தெரியவே தெரியாது.

மே 8

இன்று மதியம் விடுதியிலேயே சிறுநீர் மாதிரி வாங்கினேன். அடர்த்தி எண் 1.020-க்கு மேல் போனால் நீர் வறட்சி. பெரும்பாலோருக்குத் தாண்டியிருக்கிறது, ஓடத் தொடங்கும் முன்பே! மைதானத்திலும் பாட்டிலைத் தொடவில்லை. ஒருத்தியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அக்கா, இங்க பாத்ரூம் பூட்டியே கிடக்கும். தண்ணி குடிச்சா எங்க போறது? மத்தியானத்துலேர்ந்தே குறைச்சிடுவோம்.”

மே 10

ஞாயிறு. தண்ணீர்ச் சண்டை பற்றிய கட்டுரைகளைப் படித்தேன். 1996-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வயிறு தாங்கும் அளவுக்குக் குடி என்றது. தாகத்துக்குக் குடித்தால் போதும், மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்து என்று விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் டிம் நோக்ஸ் மல்லுக்கு நின்றார். 2007-இல் கல்லூரியும் இறங்கிவந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து நம்பிய ஒன்று உண்டு: ஓடுகிறவர் நினைத்தால் குடிக்கலாம். பூட்டு எந்தக் கட்டுரையிலும் கண்ணில் படவில்லை.

மே 11

கைடு மேடத்திடம் புதுத் திட்டம் சொன்னேன். ஒரு வாரம் கழிப்பறை திறந்து, ஒரு வாரம் பூட்டி, இரண்டையும் ஒப்பிடலாம்.

“எதிக்ஸ் கமிட்டி விடுமா? தெரிஞ்சே ஒரு வாரம் பூட்டி வைப்பியா?” என்றார்.

“இப்ப பூட்டித்தானே மேடம் இருக்கு?”

“அப்போ உன் முதல் அளவு கைக்கு வந்தாச்சு. இனி திறந்துட்டு அள.”

சாவி கேட்டு இரவே கடிதம் எழுதினேன். துறைத் தலைவர் கையெழுத்துக்கு நாளை பதினோரு மணி.