ஏடும் வன்தட்டும்

அறிவு தானாக நிலைப்பதில்லை. ஒரு தலைமுறை எழுதி வைத்ததை அடுத்த தலைமுறை படியெடுத்தாலன்றி அது அழிந்தொழியும். பனையோலை ஏடு ஈரத்துக்கும் செல்லுக்கும் இரையாகும் என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். ஏடு இற்றுப்போகுமுன் புதிய ஓலையில் அதனைப் பெயர்த்தெழுதுவதை ஒரு தொழிலாகவே நடத்தினர். அத்தொழில் அருகிய காலத்தில் என்ன நேர்ந்தது? தொட்ட இடத்தில் ஒடிந்து விழும் ஏடுகளைக் கண்டு மனம் வெதும்பிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, எஞ்சியவற்றையேனும் காக்கவேண்டுமென முனைந்து 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார்.

இன்று ஏட்டின் இடத்தைக் கணினியின் வன்தட்டுப் பெற்றுள்ளது. அதனுள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் வட்டத் தகட்டின்மேல், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் வாசிப்புமுனை மிதந்து செல்கின்றது. முனை தகட்டைத் தீண்டினால் அவ்விடத்துப் பதிவு துகளாகும். ஏடு பல தலைமுறை தாங்கும். வன்தட்டுப் பத்தாண்டு தாங்கினாலே பெரிது.

ஊர்காவற்றுறையில் நாம் கற்பிக்கும் பாடசாலையின் கணினியொன்று அண்மையில் நலிவுற்றது. ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடம் எடுத்தது. சில கோப்புகள் திறக்கவேயில்லை. அதில் இருந்தவை இரு வகையின. ஒன்று, பரீட்சைத் தாள்களும் அலுவலகக் கணக்கும். மற்றது, எம் மாணவர் பல ஆண்டுகளாக நெடுந்தீவிலும் நயினாதீவிலும் முதியோரிடம் பதிவுசெய்த குரல்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றைப் பிரித்தறியும் கடற்றொழிலாளரின் பேச்சு, தாலாட்டு, ஒப்பாரி, கல் அடுக்கி வேலி கட்டும் முறை, 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்த நாட்களின் நினைவு. பேசியோருட் பலர் இன்று உயிருடன் இல்லை.

எதனை முதலிற் படியெடுப்பது? தட்டு அடுத்த மணியிலேயே நின்றுவிடலாம். அலுவலகக் கோப்புகளே முதலில் என்றனர் சிலர். "தாளைத் திரும்ப அடிக்கலாம், சேர், அம்மம்மாவின்ர குரலை ஆர் திருப்பித் தருவினம்?" என்று கேட்டாள் தரம் 11 மாணவியொருத்தி. அவ்வினாவுக்கு எவரிடமும் மறுமொழி இல்லை. குரல்களே முதலில் எனத் தீர்மானமாயிற்று.

செய்ம்முறை எளிது, பொறுமையே அரிது. நலிந்த தட்டிலேயே பழுதுபார்க்க முயலலாகாது. அதில் எதனையும் புதிதாக எழுதலாகாது. மூடியைத் திறத்தலும் ஆகாது. கொள்ளளவிற் குறையாத புதிய தட்டொன்றை இணைத்து, பழையதை வாசிக்க மட்டுமே வேண்டும். குரற்கோப்புகளை முதலில் வெளியெடுத்தோம். பின்னர் தட்டு முழுவதையும் படியெடுக்க 'டிடிரெஸ்கியூ' என்னும் கட்டற்ற மென்பொருளை இயக்கினோம். அது நலமான பகுதிகளை முதலில் விரைந்து வாசிக்கும். பழுதுற்ற இடங்களைத் தாண்டிச் சென்று, பின்னர் மீண்டு வந்து மெல்ல மெல்ல முயலும். வாசித்த இடங்களையெல்லாம் ஒரு குறிப்புக் கோப்பிற் பதிந்துகொள்வதால், மின்சாரம் தடைப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை எழுமாயின், இம்முயற்சியை விடுத்து உடனே நிறுத்தி வல்லுநரிடம் ஒப்படைப்பதே தக்கது.

மூத்த மாணவர் சிலருடன் இரு நாட்கள் முறைவைத்துக் காவலிருந்தோம். பெரும்பகுதி மீண்டது. ஆயினும் ஒரு கடற்றொழிலாளர் கச்சான் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிய இடத்திற் குரல் அறுந்துபோயிற்று. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள். அச்சொற்களை இனி எவரும் கேட்கப்போவதில்லை.

ஒற்றைப் படியாக இருப்பது எதுவும் ஆபத்தில் இருப்பதே. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறிடத்திற் படி உள்ளவை பிழைத்தன, படியற்றவை மாண்டன. யாழ்ப்பாண வைபவமாலையை நாம் இன்றும் படிக்கின்றோம்; அது முன்னரே அச்சேறியிருந்தது, 1879இல் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்திருந்தது. எமது கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், வத்திக்கான் நூலகத்திற் கண்ட 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். ஒரு பெட்டகத்தில் உறங்கியது அதனாற் பலர் கைக்கு வந்தது.

அரசரின் புகழுக்கும் மடங்களின் நூல்களுக்கும் படியெடுப்போர் என்றும் இருந்தனர். மீன்பிடிப்போரின் சொல்லுக்கும் கூலிப்பெண்ணின் ஒப்பாரிக்கும் யார் இருந்தனர்? பூட்டி வைத்துக் காப்பது உடைமையாளரின் வழி; பகிர்ந்து காப்பதே மக்களின் வழி. 2005ஆம் ஆண்டு தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை அவ்வழியிலேயே அனைவர்க்கும் பொதுவாக்கி வருகின்றது. எம் மாணவர் சேகரித்த குரல்களும் இன்று மூன்று படிகளாக உள்ளன: ஒன்று பாடசாலையில், ஒன்று யாழ் நகரில், ஒன்று கடல்கடந்து கனடாவில் வாழும் பழைய மாணவரிடத்தில்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! உங்கள் பாடசாலைக் கணினி இன்று தடையின்றி இயங்குகின்றதா? அவ்வாறாயின் படியெடுக்க இதுவே தக்க நாள்.