சேவைக்கும் ஒரு படிப்பா?

தர்மம் செய்வதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா என்று நம் ஜனங்கள் கேட்பதுண்டு. பசித்தவனைக் கண்டால் சோறிட வேண்டும். அழுகிற குழந்தையைக் கண்டால் எடுத்து அணைக்க வேண்டும். இதற்குப் பாடப் புத்தகமும் பரீட்சையும் எதற்கு? கேள்வி நியாயமானதே. ஆயினும் பசித்தவனுக்கு இன்று சோறிட இரக்கம் போதும். அவன் நாளைக்கும் ஏன் பசித்திருக்கப் போகிறான் என்று விசாரித்து அறியப் படிப்பு வேண்டும்.

அந்தப் படிப்பு வளர்ந்த வரலாறு சுவையானது. 1884-ஆம் ஆண்டில், லண்டனின் கிழக்குப் பகுதியில் பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் டாயின்பி ஹால் என்னும் இல்லத்தை ஏற்படுத்தினார்கள். சர்வகலாசாலையில் படித்த வாலிபர்கள் ஏழைகளின் நடுவிலேயே குடியிருந்து அவர்களுடன் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். அதைப் பார்த்துச் சென்ற அமெரிக்கப் பெண்மணி ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்னும் தோழியுடன் 1889-இல் சிக்காகோ நகரில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். லண்டன் நாற்றைப் பிடுங்கி அப்படியே அவர் அங்கே நட்டுவிடவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் இத்தாலி, ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊர்ப் பாஷை அறியாதவர்கள். தாய்மார்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமும், பெரியவர்களுக்குப் பாடம் சொல்லும் வகுப்பும் அங்கே அவசியமாயின.

நம் தேசத்தில் 1936-இல் பம்பாயில் ஸர் தோராப்ஜி டாடா பெயரால் சமூக சேவைக் கலாசாலை ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் கிளிபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் இத்தகைய கல்லூரியை நிறுவினார். இதற்கிடையே, 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கி, கிராமமே பள்ளிக்கூடம் என்று காட்டினார்கள்.

இவையெல்லாம் நமக்குத் திடீரென்று நினைவுக்கு வரக் காரணம் உண்டு. நம்மிடம் படித்து, பின்பு பி.ஏ. தேறிய ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு அவளுடைய தகப்பனார் அண்மையில் நம் வீட்டுக்கு வந்தார். "பாங்குப் பரீட்சை எழுது என்றால், சமூகப் பணி படிக்கிறேன் என்கிறாள், ஸார். பிறகு வெளிநாட்டுக்கும் போவாளாம். ஊருக்கு உழைக்க, இருக்கிற அரைக் காணியை விற்றுக் கடல் தாண்ட வேண்டுமா?" என்றார்.

நாம் பெண்ணைப் பார்த்தோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேல்நாட்டுப் புத்தகங்களில், கஷ்டப்படுகிறவரைத் தனியே உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள், ஸார். நம் ஊரில் ஒருத்தியிடம் பேசப் போனால் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அத்தை எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். இரண்டையும் பார்த்தால்தானே நமக்கு எது ஒத்துவரும் என்று தெரியும்?"

தகப்பனார் பேசவில்லை. நாம் நிலத்தை விற்கச் சொல்லவில்லை. இந்த வேலையில் சம்பளம் கொட்டும் என்றும் சொல்லவில்லை. முதலில் சென்னையில் படிக்கட்டும், அதற்கும் முன்னால் சொந்த ஊரைப் படிக்கட்டும் என்றோம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுக்களை அறியாதவர் யார்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கும் முறை, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். படிக்கும்போது நம் மார்பு விம்முகிறது. விம்மட்டும். ஆனால் சமூகப் பணி பயில்கிறவள் அங்கே மேலும் ஒன்று கேட்க வேண்டும்: குடத்தில் எவருடைய பெயர் போடப்படவில்லை? நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆடவருக்கே அங்கே இடம். ஏரிநீரில் இறங்கி நாற்று நட்டவளுக்கு இல்லை. நிலமற்ற உழவனுக்கும் இல்லை. லண்டனிலும் சிக்காகோவிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கேள்வி எல்லாத் தேசத்துக்கும் பொது. விடைதான் ஊருக்கு ஊர் வேறு.

அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மறுபடி தேர்தலுக்கு நிற்கக் கூடாது. பணத்துக்கு மட்டுமா கணக்கு? நம் சேவையால் எவருக்கு என்ன நன்மை விளைந்தது, எவர் விடுபட்டுப்போனார் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எழுதத் தெரிந்துகொள்வதற்கே சேவைக்கும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.