சிங்கி ஆற்றுப்படை

ஆற்றுப்படை நூல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் பெரும்பாலும் வள்ளலின் கொடையைத்தான் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். தேரும் யானையும் பொற்றாமரையும் மதிப்பெண் தருபவை. எனக்கோ அந்நூல்களில் மிகவும் பிடித்த பகுதி, வழிநடையில் கிடைக்கும் சோறு. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனிடம் இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இன்னாரிடம் இன்னது உண்ணக் கிடைக்கும் என்று சொல்கிறான். உண்டு பார்த்தவன் சொல்வதால் அந்தப் பேச்சுக்கு ஒரு நம்பகம் உண்டு.

சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகிற பாணனுக்குக் கடற்கரை எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட உலர்மீனும் கிடைக்கின்றன. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு பொருத்திச் சொல்வது வழக்கம். பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். அந்த இடைக்கழிநாட்டின் ஊடாகத்தான் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. காரில் விரைகிறவர்கள் ஒரு சங்கப் புலவரின் ஊரைக் கடந்துபோகிறோம் என்று நினைப்பதில்லை.

இதையெல்லாம் மீண்டும் எண்ணிப் பார்க்கவைத்தது, பாஸ்டன் நகரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதம். அங்கிருந்து வடக்கே மெய்ன் மாநிலக் கடலோரமாகக் குடும்பத்தோடு பயணம் போயிருக்கிறார். வழிநெடுகச் சாலையோரக் கடைகளில் ‘லாப்ஸ்டர் ரோல்’ விற்கிறார்கள். மேற்புறம் பிளந்த நீள ரொட்டிக்குள் வெந்த சிங்கி இறால் சதையை அடைத்துத் தருவது. மெய்னில் குளிர்ந்த சதையோடு மயோனைஸ் சேர்ப்பார்கள்; கனெக்டிகட் பக்கம் சூடாக, உருக்கிய வெண்ணெயோடு. ஒவ்வொரு கடையாக நின்று ருசி பார்த்து எழுதியவர், கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தார்: “ஐயா, நம்ம கரையிலும் சிங்கி உண்டுதானே? மயிலாப்பூரிலிருந்து தெற்கே போனால் இது எங்கே நன்றாகக் கிடைக்கும்?”

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்விதான். பொங்கல் விடுமுறையில் தாவரவியல் துறை நண்பரையும் அழைத்துக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்து தூத்துக்குடி வரை கடலோரமாகப் போய்வந்தேன்.

மயிலாப்பூர் என்றதும் குளம், கோயில், காபி, மரக்கறி உணவகங்கள் என்றே பலருக்கும் நினைவு ஓடும். ஆனால் கபாலீச்சரத்தின் தலமரம் புன்னை. அது நெய்தல் நிலத்து மரம். திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் விழாக்களை வரிசைப்படுத்தும்போது மாசிக் கடலாட்டையும் சொல்கிறார். கோயிலிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் நொச்சிக்குப்பம். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட இணைப்புச் சாலையின் ஓரத்தில் பெண்கள் நெடுங்காலம் மீன் விற்றுவந்தார்கள். போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் சாலையில் படகுகளை நிறுத்திப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகள் கொண்ட சந்தைக் கட்டடம் அங்கேயே திறக்கப்பட்டது.

அங்கே எனக்குப் பழக்கமான அம்மா ஒருவர் உண்டு. சிங்கி கேட்டதும் சிரித்துவிட்டார்.

“எறா இருக்கு, நண்டு இருக்கு. சிங்கி எங்க சார் இங்க வந்து குந்தும்? அது வலையில ஏறுன ஒடனே ஆளு வந்து எடுத்துக்கினு பூடுவான். ஏரோப்ளேன்ல போற சரக்கு அது.”

“நீங்க சாப்பிட்டதே இல்லையா?”

“பொண்ணு மாசமா இருக்க சொல்ல ஒண்ணு வோணும்னு கேட்டுச்சு. அன்னிக்கு விக்காம ஆக்கிப் போட்டேன். அதோட சரி.”

பிடிப்பவர் வீட்டில் அது மசக்கைக்கு மட்டும் வாய்க்கிற உணவு. பயணம் முழுவதும் இந்தப் பேச்சு என்னோடு வந்தது.

சிங்கியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். தெற்கே சிங்கி இறால் என்றும் குமரிப் பக்கம் கல் இறால் என்றும் சொல்வார்கள். அமெரிக்கரின் சிங்கிக்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. அவற்றின் சதையை அவர்கள் விரும்பித் தின்பார்கள். நம் கடல் சிங்கிக்கு அந்தக் கொடுக்குகள் இல்லை. முள் நிறைந்த முதுகோடும் உடலைவிட நீண்ட மீசைகளுமே அதன் காவல். உண்ணும் சதையெல்லாம் வாலில்தான். பகலில் பாறை இடுக்குகளில் பதுங்கி இரவில் இரை தேடும். ஆகவே மாலையில் கடலடியில் வலையைப் பதித்துவிட்டு விடியலில் இழுக்கிறார்கள்.

அதன் பிள்ளைப் பருவம்தான் என்னை வியக்கவைத்தது. பெண் சிங்கி இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை அடிவயிற்றில் சுமக்கிறது. பொரிக்கும் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய இலை வடிவில் இருக்கும். விஞ்ஞானிகள் வைத்த பெயருக்கே இலையுடல் என்றுதான் பொருள் என்று நண்பர் சொன்னார். அந்த இலை மாதக்கணக்கில் ஆழ்கடலில் மிதந்து திரிந்து, தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்து, பிறகே கரையோரப் பாறைக்குத் திரும்புகிறது. தட்டில் வைக்கப்படும் மிகச் சிறிய சிங்கிகூட இவ்வளவு தூரம் அலைந்து வந்ததுதான்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். அங்கே வழக்கம், அன்றைய மீனைத் தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவது. வஞ்சிரத்துக்கும் இறாலுக்கும் நடுவே நாலைந்து சிங்கிகள் கிடந்தன. என் உள்ளங்கை நீளம்கூட வராதவை. ஒன்றின் அடிவயிற்றில் செம்மஞ்சள் முட்டைக்கொத்து ஒட்டியிருந்தது.

“பேபி லாப்ஸ்டர் சார். ரொம்ப சாஃப்டா இருக்கும். பெரிசு இதுல பாதி ருசிகூட வராது” என்றார் பரிமாறும் தம்பி.

“இது முட்டையோட இருக்கே, தம்பி?”

“அதுக்குத் தனி ரேட் இல்ல சார்” என்று அவர் பணிவோடு சொன்னார். நண்பர் வஞ்சிரம் கேட்டார். நானும் அதையே கேட்டேன்.

இந்திய அரசு 2003 ஜூலையில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சிங்கிகளை இன்ன எடைக்குக் குறைவாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். நம் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் வகைக்கு 200 கிராம். மன்னார் வளைகுடாவின் பெரிய வண்ணச் சிங்கிக்கு 500 கிராம். சேற்றுப் பாங்கான கடலில் வாழும் வகைக்கு 300 கிராம். தட்டையான உடல்கொண்ட மணற்சிங்கிக்கு 150 கிராம். நல்ல விதிதான். ஆனால் அது கப்பலும் விமானமும் ஏறும் சரக்குக்கான விதி. வலையில் ஏறிய சிறுசுகளை அயல்நாட்டுக்கு அனுப்ப முடியாதபோது அவை எங்கே போகும்? கடலோர உணவகத் தட்டுக்கு வரும். அழகான ஒரு பெயரும் அவற்றுக்குக் கிடைத்துவிடுகிறது. நல்ல சிங்கி தேடிப் பயணம் போகிறவன் அறியாமல் தின்பது, பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிடாத சிங்கியை. மும்பைக் கரையில் மணற்சிங்கியை இப்படி வரம்பின்றி வாரியதில் 1990களின் நடுவில் அந்த மீன்பிடிப்பே அற்றுப்போயிற்று.

மெய்ன் மாநிலத்து விதி பிடிக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவுவரை 3¼ அங்குலத்துக்குக் குறைந்ததையும் 5 அங்குலத்துக்கு மிகுந்ததையும் கடலில் விட்டுவிட வேண்டும். முட்டையோடு சிக்கிய பெண் சிங்கியின் வால் மடலில் ‘வி’ வடிவில் ஒரு வெட்டுக்குறி இட்டு விடுகிறார்கள். குறியுள்ளது பிறகு யார் கூண்டில் சிக்கினாலும், அப்போது முட்டை இல்லாவிட்டாலும், கைவைக்கக் கூடாது. இவள் தாய் என்று ஒருவர் இட்ட குறியை முகமறியாத இன்னொருவர் மதிக்கிறார். என் மாணவர் வழிநெடுக ரொட்டி வாங்கித் தின்ன முடிந்ததற்குப் பின்னால் அந்த வெட்டுக்குறியும் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் இதை அவருக்கு எழுதினேன்.

மரக்காணத்தில் உப்பளங்கள் வெளுத்துக் கிடந்தன. அங்கே சிங்கி கேட்கவில்லை. நத்தத்தனாரை நினைத்துக் கருவாடு வாங்கிக்கொண்டோம்.

ரொட்டிக் கேள்விக்கான விடை புதுச்சேரியில் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றவற்றில் அவ்வூர் மக்கள் இன்றும் அன்றாடம் வாங்குவது அந்த நீள ரொட்டி. மேலே முறுகலும் உள்ளே பஞ்சும். நண்பரின் உறவினர் விடியற்காலையிலேயே கரைக்குப் போய், உயிருள்ள இரண்டு சிங்கிகளை வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் 400 கிராம் இருக்கும், முட்டை இல்லை. கையில் தூக்கியதும் வாலை ‘படக் படக்’ என்று உள்ளே மடித்து அடித்தது. அதுதான் உயிர்ப்பின் அடையாளம் என்றார். ஆவியில் வேகவைத்து, ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ரொட்டியில் வைத்தார் அந்த வீட்டு அம்மா. சிங்கிச் சதைக்கு ஓர் இயல்பான இனிப்பு உண்டு. மசாலா மிகுந்தால் அது ஒளிந்துகொள்ளும். அடுப்பில் இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் சதை ரப்பராகிவிடும். அன்று இரண்டும் நேரவில்லை.

இத்தோடு திரும்பியிருந்தால் மாணவருக்குப் பதில் எழுதப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் சிங்கி போகும் வழியைப் பார்க்க வேண்டும் என்று நண்பர் சொல்லிவிட்டார். மண்டபம், கீழக்கரை வழியாகத் தூத்துக்குடி நோக்கிப் போனோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சிங்கிக்கு உகந்த வீடு அது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டு, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் தலைமையிடம் கொண்டிருந்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு சிற்றூரில், சேகரிப்பவர் கொட்டகையில் சிமெண்டுத் தொட்டிகளைக் கண்டோம். ஓடும் கடல்நீரில் சிங்கிகள் மீசை அசைத்துக்கொண்டிருந்தன. குளிர்வித்து அசைவடங்கச் செய்து, தெர்மாகோல் பெட்டியில் மரத்தூள் இட்டு அடுக்குகிறார்கள். நீரில்லாமலே ஒரு நாள் அளவுக்கு உயிர் தாங்கும். அதற்குள் விமானம் தென்கிழக்காசிய நகரம் ஒன்றில் இறங்கிவிடும். ஒரு கால் ஒடிந்தாலும் மீசை முறிந்தாலும் விலை விழுந்துவிடும். விருந்து மேசைக்கு முழு உருவம் வேண்டுமாம்.

அன்று பகல் எங்களை வீட்டுக்கு அழைத்த மீனவர், வலையில் சிக்கிக் கால்கள் போன ஒரு பெரிய சிங்கியை எடுத்து வந்திருந்தார். “இத கம்பெனில எடுக்க மாட்டான் சார். கால் போயிட்டுல்லா. ருசி எங்கயும் போவல” என்றார். அவர் மனைவி தேங்காய் அரைத்துவிட்டு, புளி குறைவாகக் கரைத்துக் குழம்பு வைத்தார். சோற்றில் ஊற்றி ஓட்டோடு சேர்த்து உறிஞ்சித் தின்றோம். குழந்தைகள் இருவரும் தலைப்பகுதிக்குப் போட்டியிட்டார்கள். ஆமூர் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும் எனக்கு அப்போதுதான் பாடமாக இல்லாமல் உணவாகப் புரிந்தது. நொச்சிக்குப்பத்து அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். பிடிப்பவர் வீட்டுக் குழந்தைக்குச் சிங்கி கிடைப்பது கால் ஒடிந்த நாளில்தான் என்பது மகிழ்ச்சி தருகிற செய்தியா, வருத்தம் தருகிற செய்தியா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. அன்றைய சோற்றில் இரண்டும் இருந்தன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பசியோடு தெற்கு நோக்கி வருகிறவர்களுக்கு, போய்த் திரும்பியவன் சொல்வது இது. பெயர்ப்பலகையை நம்பி நிற்காதீர்கள். விடியலில் படகு வரும் கரைக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப் படகுகள் மட்டுமே போகும். கையில் எடுத்துத் தூக்கிப் பாருங்கள். வாலை மடித்து அடித்தால் உயிருள்ளது. அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள். முட்டை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளங்கைக்குள் அடங்குவதையும் மறுத்துவிடுங்கள். கால் ஒடிந்தது இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். புதுச்சேரியானால் ரொட்டி, அதற்குத் தெற்கே என்றால் சோறு. வழியில் இடைக்கழிநாடு வரும். அங்கே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்த முடிந்தால் நல்லது.